அடித்தவர்களோடு சில ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த ஒன்றரை வருடமும் என் ஞாயிற்றுக்கிழமைகள் மனைவியை அடித்த ஆண்களோடு போயின. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பெல்மதுளைச் சந்தியில் பஸ் ஏறுவேன். தோட்டத்துக்குப் பிரிகிற பாதையில் இறங்கி மேட்டில் நடக்க வேண்டும். மழை இல்லாத ஞாயிறு அபூர்வம். போய்ச் சேரும்போது சேலையின் கரை முழுக்கச் சேறாகியிருக்கும். பிற்பகலில் வீடு திரும்பினால், பாதிக் கதவு சாத்திய கடைக்குள்ளிருந்து என் கணவர், "இன்னைக்காச்சும் யாராவது திருந்துனாங்களா?" என்று கேட்பார். கிண்டலாகக் கேட்க மாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

எங்களுக்கு பஜாரில் ஒரு சின்னத் துணிக்கடை. நான் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தவள்; சிங்களத்தில் சண்டைகூடப் போட வரும். அதனால் இரத்தினபுரியில் பெண்களுக்கு உதவி செய்த ஓர் அமைப்பு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டது. அடி வாங்கிய தோட்டத்துப் பெண்களைப் பொலிசுக்கு அழைத்துப் போவேன். அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன். பொலிஸ்காரர் எழுதுவார். கணவனைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள். அவன் இனி அடிக்க மாட்டேன் என்பான். சில மாதம் கழித்து அதே பெண் வேறு காயத்தோடு வருவாள். வீட்டு வன்முறைக்கென்று தனிச் சட்டம் வந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கோர்ட்டுக்குப் போனால் அவனும் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போய்விடுவான், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும் என்று பெண்களே பின்வாங்கினார்கள். அப்போதுதான் அந்த அமைப்பு, பெண்களோடு மட்டும் பேசிப் பயனில்லை, ஆண்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று முடிவெடுத்தது.

அதற்காகக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். சிங்களவர். மனநலம் படித்தவர், வயது நாற்பதுக்குள். ஆண்கள் எல்லாரும் அவரை, ஐயா என்கிற மாதிரி, மாத்தயா என்றார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் பஸ்ஸில் வருவார். சுருட்டிய பெரிய தாள்களை மழை படாமல் பொலித்தீன் பைக்குள் வைத்திருப்பார். அட்டை கடிக்காமலிருக்கக் கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறுவார். அப்படியும் கடி வாங்குவார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை.

முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது பயன்படுத்தாமல் கிடந்த பழைய பிள்ளை மடுவத்தில் வகுப்பு நடந்தது. சுவரில் யாரோ எப்போதோ வரைந்த வாத்தும் மாம்பழமும் அப்படியே இருந்தன. பத்துப் பேருக்குக் கொஞ்சம் கூடக்குறைய வருவார்கள். சிலரைப் பொலிஸ் அனுப்பியது. சிலரைத் தோட்டத்து டாக்டர் ஐயா அனுப்பினார். சிலரைத் தொழிற்சங்கத் தலைவர் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒருவரும் தானாக வரவில்லை.

மாத்தயா முதல் நாளே தாளில் மூன்று வட்டம் போட்டார். ஒன்றில் நினைப்பு, அடுத்ததில் உணர்ச்சி, மூன்றாவதில் செய்கை. கோபம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பைப் பிடித்து, அது உண்மைதானா என்று கேட்கப் பழகினால், கை ஓங்குவதற்கு முன்னால் நிற்கலாம். இதுதான் பாடம். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

ஆண்களில் பலருக்கும் நல்ல சிங்களம் தெரியும். கிரிக்கெட்டைப் பற்றி, மாணிக்கக் குழியைப் பற்றி மாத்தயாவோடு நேராகச் சிங்களத்தில் பேசிச் சிரிப்பார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டதும் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், "கோவம் வந்திருச்சி மிஸ்" என்பார் ஒருவர். "கை போயிருச்சி" என்பார் இன்னொருவர். "அடி விழுந்திருச்சிங்க" என்பார் மூன்றாமவர். கோபம் தானாக வந்தது, கை தானாகப் போனது, அடி தானாக விழுந்தது. அடித்தவர் என்று ஒருவர் அந்த வாக்கியத்துக்குள் இல்லவே இல்லை.

இதை நான் மாத்தயாவுக்கு விளக்கியபோது அவர் களைப்போடு சிரித்தார். "சிங்களத்திலும் அதேதான், அதின் கெஹுணா என்பார்கள்" என்றார். கையால் அடிபட்டுப் போச்சு என்று அர்த்தம். பிறகு, "முதலில் அந்த வாக்கியத்தை மாற்றுவோம். நான் அடித்தேன் என்று சொல்லட்டும். மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவள் என்ன சொன்னாள், சோறு எப்படிக் குழைந்திருந்தது, தாய்வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள், எவ்வளவு குடித்திருந்தேன், எல்லாம் வரும். "சரி, அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று நான் கேட்பேன். "அதான் சொன்னேனே மிஸ், அடி விழுந்திருச்சி." மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் தொண்டை கட்டிக்கொள்ளும்.

முதலில் அதைச் சொன்னவர் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தேயிலை காயவைக்கிற மெஷினுக்குப் பொறுப்பானவர். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார். மனைவியின் கையை முறுக்கி எலும்பை உடைத்ததற்காகப் பொலிஸ் அனுப்பி வைத்தது. ஒரு நாள் எழுந்து நின்றார். "நான் என் சம்சாரத்த அடிச்சேன். அவ கைய நான்தான் ஒடைச்சேன். அவ என்னைய மதிக்கலன்னு நெனச்சேன். அந்த நெனப்பு தப்பு." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாத்தயாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "இன்னைக்கு ஒருத்தர் பேசினார்" என்று சொன்னேன்.

அதிலிருந்து அவர்தான் வகுப்பின் நட்சத்திரம். மற்றவர்கள் தடுமாறும்போது எடுத்துக் கொடுப்பார். வட்டங்களை என்னைவிடத் தெளிவாக விளக்குவார். ஒரு வாரமும் தவறியதில்லை.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இன்னொருவர் இருந்தார். கட்டையான ஆள். வாசல் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு, கைவிரல்களைப் பார்த்தபடியே இருப்பார். எதைக் கேட்டாலும், "அதெல்லாம் தெரியலங்க" என்பார். ஒருநாள் நான் விடாமல் கேட்டதில் எரிச்சலாகி, "ஆமா, நான்தான் அடிச்சேன். என்னா இப்ப?" என்று கத்திவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். இவர் இனி வர மாட்டார் என்று நினைத்தோம். அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து சாய்ந்துகொண்டார்.

வகுப்பில் ஆண்கள் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பதில் மாத்தயா உறுதியாக இருந்தார். வீட்டில் என்ன நடக்கிறது என்று மனைவிகளைத் தனியாகக் கேட்க வேண்டும். அது என் வேலை. கிழமை நாட்களில், டிஸ்பென்சரியில் பிள்ளைக்கு மருந்தெடுக்கும் சாக்கிலோ கோயிலடியிலோ, சந்தேகம் வராத மாதிரி அவர்களைப் பார்ப்பேன்.

தொழிற்சாலைக்காரரின் மனைவியை டிஸ்பென்சரி வாங்குப் பலகையில்தான் பார்த்தேன். கொழுந்து எடுப்பவள். உடைந்த கை கூடியிருந்தாலும் கூடையின் கயிற்றை இழுக்கும்போது இன்னும் வலிப்பதாகச் சொன்னாள். "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அடிக்கறதில்ல மிஸ்."

"அப்ப நல்லாதானே இருக்கு?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "நீங்க அவருக்கு நல்லா பேசக் கத்துக் குடுத்துட்டீங்க" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். கோபம் ஏறினால் மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே போய், ஆறியதும் திரும்பி வந்து பேச வேண்டும் என்று நாங்கள் கற்றுக் கொடுத்திருந்தோம். அவர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, கடைக்கணக்கைப் பற்றியோ அவள் வாய் திறந்தால், உள்ளங்கையைக் காட்டி, "எனக்கு கோவம் வருது. வகுப்புல சொல்லியிருக்காங்க, நான் வெளிய போறேன்" என்று கிளம்பிவிடுவார். குடித்துவிட்டு விடிந்தபிறகுதான் வருவார். அவள் அழுதால், "ஒன் நெனப்புதான் தப்பு. அதான் ஒனக்கு அழுகை வருது" என்பார். கையை உடைத்ததைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தபோது, "நான்தான் ஒடைச்சேன்னு எல்லாருக்கும் முன்னுக்கு சொல்லிட்டேன்ல. இன்னும் என்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டாராம்.

"முந்தி அடிச்சாருன்னா பக்கத்து வீட்டு சனமாச்சும் வரும் மிஸ். இப்ப நான் சொன்னா யாரு நம்புறா? அவரு திருந்திட்டாருன்னு லயமே பேசுது."

நான் மாத்தயாவிடம் சொன்னேன். இதை அந்த மனிதரிடம் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் சொன்னது யாரென்று தெரிந்துவிடும். கேட்காமலும் இருக்க முடியாது. கடைசியில், யாரையும் சுட்டாமல், வெளியே போவது எதற்காக என்பதைப் பொதுவாக இன்னொரு தரம் பாடமாக எடுப்பது என்று முடிவு செய்தோம். "பேச்சை ஆறப்போடத்தான் போகிறோம், பேச்சை முடிப்பதற்கல்ல" என்று மாத்தயா சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தொழிற்சாலைக்காரர் மட்டும் ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவர் மனைவியை அடிக்கவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்துவிட்டு, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மிஸ்கிட்ட என்னா சொன்ன?" என்று கேட்டிருக்கிறார். குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவளும் மகளும் பட்டினியாகப் படுத்தார்கள்.

அந்த வாரத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். வரக்காப்பொலப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் அக்கா பால் வெட்டுகிறாள், அங்கே போய்விடுகிறேன் என்றாள். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போவதானால் கூட வருகிறேன் என்றேன். வடக்கு கிழக்கில் சண்டை நடந்த காலம், ரோட்டில் நிறுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள். அவளுடைய அடையாள அட்டையோ கணவரின் பெட்டிக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதிலேயே வாங்கி வைத்துக்கொண்டவர் அவர். ஆபீசில் ஈபிஎஃப் கணக்குக்கு அட்டை கேட்கிறார்கள் என்று அவள் ஒரு பொய் சொன்னாள். அவரே எடுத்துக் கொடுத்தார்.

அவர் வேலைக்குப் போன பிறகு, ஒரு துணி மூட்டையோடும் ஏழெட்டு வயது மகளோடும் இறங்கி வந்தாள். இரத்தினபுரியில் பஸ் மாறினோம், அவிசாவளையில் மாறினோம். வழியில் ஓரிடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். அட்டையைப் பார்த்த ஆமிக்காரர், தோட்டத்து விலாசத்தை வாசித்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா வீட்டுக்கு என்று நான் சிங்களத்தில் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் சிங்களத்தில், "தவம தன்னெ நே" என்றாள். இன்னும் தெரியாது என்று. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவ்வளவு ஆழமாக ஒருவர் பஸ்ஸில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறும் தொழிற்சாலைக்காரர் வகுப்புக்கு வந்தார். அன்று சட்டை கசங்கியிருந்தது. "என் சம்சாரம் போயிருச்சி" என்று மட்டும் சொன்னார். மற்ற ஆண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் அழுதார். "நீங்க சொன்ன மாரியேதானே மிஸ் எல்லாம் செஞ்சேன். இன்னும் நான் என்னாதான் செய்யணும்?" அந்தக் கண்ணீர் உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையாகவே இருந்திருக்கலாம். மாத்தயா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அவள் சொல்வதைக் கேட்டீர்களா?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "எதக் கேக்கணும்?" என்றார் அவர்.

வகுப்புகள் முடிந்ததும், அமைப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் மாத்தயாவுக்கும் அதில் விருப்பமில்லை. நாங்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பொன்னிறக் கரை போட்ட தாள். எல்லா வகுப்புக்கும் வந்தவர் என்று எழுதியிருந்தது. தொழிற்சாலைக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு எடுத்துக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போனார். நான் திருந்திவிட்டேன், இதோ அத்தாட்சி, என் மனைவியைத் திருப்பி அனுப்புங்கள் என்று.

சபை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியது. இளைப்பாறிய பள்ளி அதிபர் ஒருவர் தலைமை தாங்கினார், மரியாதையான மனிதர். மனைவியையும் வரவழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்கவென்று என்னையும் கூப்பிட்டார்கள். அதிபர் சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்து வாசித்துவிட்டு, "நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள்? இந்த மனிதர் திருந்திவிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"எல்லா வகுப்புக்கும் வந்தார், நன்றாகப் பேசினார். அதுதான் எனக்குத் தெரியும். வீட்டில் எப்படி இருந்தார் என்பது இவளுக்குத்தான் தெரியும், இவளிடம் கேளுங்கள்" என்றேன்.

அவளிடம் கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். நான் மொழிபெயர்க்கக் காத்திருந்தேன். அவள் சொன்னது கொஞ்சம்தான். "அவரு அடிக்கலங்க. ஆனா நான் அந்த வீட்டுல வாயத் தொறக்க முடியல. எனக்கு அங்க போக வேணாம்."

பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து ஒத்துப் போகலாமே என்று அதிபர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தொழிற்சாலைக்காரர் எழுந்து, நினைப்பு, உணர்ச்சி, செய்கை என்று தொடங்கினார். சபையிலிருந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்டு வியந்துதான் போனார்கள். அவர் பேசி முடிக்கும்வரை அவள் நின்றபடியே இருந்தாள். பிறகு, "போகலாங்களா?" என்று கேட்டாள். இணக்கம் ஏற்படவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கவ்வாத்துக்காரருக்கும் சான்றிதழ் இருந்தது; அவர் வாங்க வரவில்லை. நான் அவருடைய லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி, "குடிக்கறதெல்லாம் குடிக்கிறாரு மிஸ். ஆனா அடிக்கறத விட்டுட்டாரு. நான் திட்டுனாலும் கேட்டுக்கிட்டுப் படுத்துர்றாரு" என்று ஆச்சரியத்தோடு சொன்னாள். அவர் பின்பக்கம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். தீட்டுவதை விடாமலே, "தெரியலங்க. கை ஓங்கப் போகையில, நான் அடிக்கப் போறேன், நான் அடிக்கப் போறேன்னு மண்டைக்குள்ள கேக்குது. அப்புறம் அடிக்க ஒரு மாரியா இருக்கு" என்றார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது மாத்தயா, "ஒருத்தர்" என்றார். சந்தோசப்பட்டாரா என்று குரலில் தெரியவில்லை.

பிறகு வேறொரு தோட்டத்தில் இன்னொரு குழு நடத்தினோம். அதற்கப்புறம் பணம் வரவில்லை. மாத்தயா வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் கடையில் உட்கார ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம்வரை தூங்கினேன்.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரக்காப்பொல போனபோது, சந்தையில் அவளைப் பார்த்தேன். கையெல்லாம் ரப்பர் பால் வாடை. இளைத்திருந்தாள். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் மகளைச் சிங்களப் பள்ளியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். அக்கா வீட்டில் இடம் போதவில்லை, அக்கா புருசனுக்கு முகம் சரியில்லை என்றாள். திரும்பிப் போகும் யோசனை உண்டா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அவரு இப்ப இன்னொருத்திய வச்சிருக்காராம் மிஸ். பக்கத்துத் தோட்டத்துப் புள்ளையாம், சின்னப் புள்ள." கருவாட்டுக்காரரிடம் மிச்சக் காசை வாங்கிக்கொண்டு, "முடிஞ்சா அவளப் போயி ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு இப்போது அது வேலையுமில்லை. ஆனாலும் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், தொழிற்சாலைக்காரர் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்த மேட்டில் ஏறினேன். இருபது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள். எல்லாம் நல்லா இருக்கு என்றாள். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் பஜாரில் கடை எங்கே இருக்கிறது என்று சொன்னேன். பிறகு தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி, எழுதித் தரவா என்று கேட்டேன்.

அவள் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"எழுத வேணாங்க" என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

நான் மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.